விடுதலைப் பத்திரம்

2019 தை மாதம் ஒரு புதன்கிழமை. என் இரண்டு அத்தைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். பெரிய அத்தை தொடையில் ஒரு துணிப்பை, அதில் ஆதார் கார்டு, தண்ணி பாட்டில், ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை. சின்ன அத்தை வழியெல்லாம் போனில் தன் பேத்திக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள், "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார்கள். பெரிய அத்தை சிரித்தார். "எங்க அண்ணனுக்குத்தானே சார்." முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வரும் வழியில் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன். அந்த நாளில் நான் செய்த ஒரே செலவு அதுதான்.

தொண்டூரில் என் தாத்தாவுக்கு இருந்தது நான்கு காணி. பரம்பரை நிலம். பிள்ளைகள் நான்கு பேர்: அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். ஆளுக்கு ஒரு காணி, அதாவது 132 சென்ட். அன்றைக்கு புரோக்கர் சொன்ன விலை சென்ட் பதினைந்தாயிரம். கால்குலேட்டர் தேவையில்லை, இருபது லட்சத்துக்கு இருபதாயிரம் குறைவு. அத்தைகளுக்கு ஆளுக்கு ஒரு பட்டுப்புடவையும் கையில் ஐம்பதாயிரமும் கொடுத்தார்கள். பத்திரத்தில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று ஒரு வரி இருந்தது. படித்துக் காட்டியவன் நான்.

அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். நாட்டில் வேறு எந்தக் கையெழுத்துக்கும் இவ்வளவு அழகான பெயர் கிடையாது. சிறையில் இருப்பவருக்கு விடுதலை என்றால் அவர் வெளியே வருகிறார். இங்கே விடுதலையாவது நிலம். அது பெண்ணின் பிடியிலிருந்து தப்பித்து ஆணிடம் போய்ச் சேருகிறது. குடும்ப உறுப்பினர்களுக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகையும் உண்டு. பாசத்துக்கு அரசாங்கம் தரும் தள்ளுபடி.

இதை இப்போது எழுதக் காரணம் என் வயதுக்காரர்களும் எனக்கு இளையவர்களும் குடும்பத்தைப் பற்றி இணையத்தில் பேசுகிற விதம். எங்கள் அப்பாக்களின் பேச்சு எனக்குப் பழகிவிட்டது: குடும்பம்தான் நம்ம பண்பாடு, வெள்ளைக்காரனுக்கு அது கிடையாது, அவ்வளவுதான். அதோடு சண்டை போட்டு அலுத்துவிட்டது. எனக்கு இப்போது எரிச்சல் தருவது அதற்கு எதிர்ப்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பேச்சு. டாக்ஸிக் பேரன்ட்ஸ், ட்ராமா, பவுண்டரி. சிறுவயதில் அப்பா கட்டிப்பிடிக்கவில்லை, அதனால் எனக்கு இன்று உறவுகளில் சிக்கல். இருக்கலாம். நான் மறுக்கவில்லை, என் அப்பாவும் கட்டிப்பிடித்ததில்லை. ஆனால் அந்த அப்பா பேரில் இருக்கும் பட்டாவைப் பற்றி, அது யாருக்குப் போகும் என்பதைப் பற்றி, அந்தப் பதிவுகளில் ஒரு வார்த்தை இருக்காது. கவுன்சிலிங்குக்கு மணிக்கு ஆயிரத்தைநூறு கொடுத்து அப்பாவை மன்னித்துவிட்டு, தங்கையின் 66 சென்ட்டைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நல்ல பையன்கள். அழுதுகொண்டே கவிதை எழுதுவார்கள்.

குடும்பம் நம் மனசை உருவாக்குகிறது என்கிறோம். சரி. எதை வைத்து உருவாக்குகிறது? நம் மொழியே அதை மறைக்காமல் சொல்கிறது. அப்பாவின் அண்ணன் தம்பிகளும் அவர்கள் பிள்ளைகளும் பங்காளிகள். பங்கு உள்ளவர் பங்காளி. பங்கு இல்லாதவர் மாமன், மச்சான், சம்பந்தி. உறவுமுறைச் சொல்லுக்குள்ளேயே நிலத்தின் வரப்பு ஓடுகிறது. கூடப் பிறந்த அக்கா, ஒரே வயிறு, ஒரே சோறு. ஆனால் அவள் பங்காளி இல்லை. அவள் கல்யாணமான அன்றே மாமன் மச்சான் பக்கம் போய்விடுகிறாள். ஒருவேளை அவள் பங்கு கேட்டுவிட்டால்? எங்கள் ஊரில் அதற்கும் பதில் உண்டு: "பங்கு கேட்டா அவளும் பங்காளி, பங்காளின்னா பகையாளி." தமிழில் ஒரு பெண்ணை மிரட்ட இதைவிட நாகரிகமான வழியை நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். சட்டம் தன் வேலையை மெதுவாகத்தான் என்றாலும் செய்தது. 1929ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இந்துச் சட்டத் தொகுப்பு நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டது, அம்பேத்கர் 1951ல் மந்திரி பதவியை விட்டதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்பா சுயமாகச் சம்பாதித்ததில் மகளுக்கும் பங்கு கொடுத்தது, ஆனால் பரம்பரைச் சொத்தில் பிறப்புரிமை மகனுக்கு மட்டும்தான். தமிழ்நாடு 1989ல் அதைத் திருத்தியது, கருணாநிதி ஆட்சியில். 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் பிறப்புரிமை. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்குக் கிடையாது.

என் பெரிய அத்தைக்குக் கல்யாணம் 1986ல். சின்ன அத்தைக்கு 1992ல். ஒரே வீட்டில் பிறந்து ஒரே பாயில் படுத்த இரண்டு பேரில் இளையவளுக்கு 1989லேயே உரிமை வந்துவிட்டது. மூத்தவள் 2005 செப்டம்பர் 9 வரை, மத்திய அரசின் திருத்தம் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 11ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இது பிறப்பால் வரும் உரிமை, திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. எண்பது தொண்ணூறு வருஷப் போராட்டம், இத்தனை தீர்மானம், ராஜினாமா, திருத்தம், தீர்ப்பு. எல்லாவற்றையும் ஒரு பட்டுப்புடவையும் முக்கால் மணி நேரமும் ரத்து செய்துவிட்டன. என் தொழில் பாஷையில் சொன்னால் சட்டம் டீஃபால்ட்டை மாற்றியது. நாங்கள் வீட்டுக்கு வீடு உட்கார்ந்து அதை ஓவர்ரைடு செய்துகொண்டிருக்கிறோம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியாவின் சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்களிடம் இருந்தவை நூற்றுக்குச் சுமார் 14.

"கல்யாணத்துக்குச் செஞ்சாச்சே" என்பது இதற்கு எப்போதும் வரும் பதில். சித்தப்பா இன்றும் சொல்வார். பெரியவளுக்குப் பதினைந்து பவுன், சின்னவளுக்கு இருபது பவுன், பாத்திரம், பண்டம். முதலில், வரதட்சணை 1961லிருந்து குற்றம். சட்டவிரோதமாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, அதைக் கணக்குக் காட்டிச் சட்டப்படியான ஒன்றை எழுதி வாங்குகிறோம். இரண்டாவது, அந்தப் பவுன் அத்தைகளிடமா இருக்கிறது? பெரிய மாமா அதை அடகு வைத்து டிராக்டர் வாங்கினார், டிராக்டர் போனது, பவுனும் போனது. மூன்றாவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. என் பி.இ. படிப்புக்கு அப்பா நிலத்தை அடமானம் வைத்தார். அந்த நிலத்தில் பாதி அத்தைகளுடையது. அத்தைகளின் நகைக்கு நாற்பது வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் குடும்பத்தில் என் கல்லூரிக் கட்டணத்தை யாரும் எந்தப் பங்கிலிருந்தும் கழிக்கவில்லை. பையனுக்குச் செய்வது முதலீடு, பொண்ணுக்குச் செய்வது செலவு. எங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு இந்த ஒரு விதி போதும்.

ஆனால் அத்தைகள் ஏமாளிகள் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நானும் பெண்களுக்காகப் பரிதாபப்படும் இன்னொரு ஆம்பளையாகிவிடுவேன். கையெழுத்துப் போட்ட இரண்டு வருஷம் கழித்து, ஒரு சாவு வீட்டில், சின்ன அத்தையிடம் கேட்டேன். ஏன் போட்டீங்க, உங்களுக்குத்தான் தெரியுமே. அவர் பந்தலைக் காட்டினார். செத்தவருடைய பிறந்த வீட்டிலிருந்து கோடி எடுத்துக்கொண்டு மேளத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். "நாளைக்கு எனக்கு அது வர வேணாமாடா?" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாமா குடித்துவிட்டு அடித்த நாட்களில் பஸ் ஏறி வந்து இறங்கியது அண்ணன் வீட்டுத் திண்ணையில். பெண் வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீர் வராவிட்டால் ஊர் சிரிக்கும். பையனுக்குக் காது குத்த மடி வேண்டும். இதெல்லாம் நிலத்தோடு ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறது என்பது அவருக்கு எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். இருபது லட்சத்தைக் கொடுத்து அவர் ஒரு இன்சூரன்ஸ் பாலிசி வாங்கினார். அதில் மோசடி என்னவென்றால் பிரீமியம் கட்டினவருக்குக் கையில் பாலிசிப் பத்திரம் கிடையாது. அண்ணன் இருக்கும்வரை, அண்ணி முகம் சுளிக்காதவரை, அண்ணன் மகன் நல்லவனாக இருக்கும்வரை.

சொந்தமாக ஒரு வீடோ நிலமோ இருந்திருந்தால் அந்தத் திண்ணை தேவைப்பட்டிருக்குமா? பினா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்தி 2005ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. நிலமும் வீடும் தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டும் இருந்தவர்களில் 7 சதவீதம். அந்த மாமாவின் குணம் என்ன, அவர் குழந்தைப்பருவம் எப்படி என்றெல்லாம் நாம் ஆராயலாம். அத்தை கையில் அந்த 132 சென்ட் இருந்திருந்தால் அவர் கை அவ்வளவு சுலபமாக ஓங்கியிருக்காது என்பதே என் கட்சி.

எங்கள் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். திரௌபதி செஞ்சியில் மறுபடி பிறந்து வந்தாள் என்று நம்புகிற சீமை இது. மேலச்சேரி திரௌபதி அம்மன் கோவிலைத்தான் மூலம் என்பார்கள். ஆல்ஃப் ஹில்டேபைடல் என்ற அமெரிக்கர் இந்த வழிபாட்டைப் பற்றி 1988ல் தடியான ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். சின்ன வயசில் ஆயா மடியில் படுத்துக்கொண்டு துகிலுரிதல் பார்த்திருக்கிறேன். சபையில் அவள் கேட்பது சொத்துக் கேள்வி. தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னை வைத்து ஆட உரிமை ஏது? பெரியவர்கள் எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள், பாசமானவர்கள், தர்மம் தெரிந்தவர்கள். ஒருவருக்கும் பதில் கிடையாது. என் அத்தைகள் இதை வருஷா வருஷம் பார்த்து அழுதவர்கள். இன்னொன்றும் உண்டு. தொண்டூர்க் குன்றில் சமணர் படுக்கைகள் இருக்கின்றன, வீடு, நிலம், உறவு எல்லாவற்றையும் நிஜமாகவே விடுதலை செய்துவிட்டு வந்தவர்கள் படுத்த கல். தமிழ்நாட்டில் இப்படிப் படுக்கைகள் உள்ள பல குன்றுகளுக்கு ஜனங்கள் வைத்திருக்கும் பெயர் பஞ்சபாண்டவர் மலை. துறவிகளின் படுக்கையைக்கூடப் பங்காளிச் சண்டைக்காரர்கள் பேரில் பட்டா மாற்றிவிட்டோம்.

இது வீட்டுக்குள் முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நிலமுள்ள சாதியில் பிறந்தவன் நான். எங்களில் பெண் யாரைக் கட்டுகிறாள் என்பது ஏன் ஊர்ப் பிரச்சினையாகிறது? ரத்தம், மானம் என்பார்கள். சாதி என்பதே யாருக்குப் பெண், யாருக்கு நிலம் என்கிற இரண்டு பதிவேடுகளை ஒன்றாகத் தைத்து வைத்திருப்பதுதானே. விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் 2003ல் கண்ணகியையும் முருகேசனையும் பிடித்து, விஷம் ஊற்றிக் கொன்று, எரித்தார்கள். அவள் வன்னியர், அவர் தலித், ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். முருகேசன் இன்ஜினியரிங் படித்தவர். என்னைப்போல. 18 வருஷம் கழித்து 2021ல் கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றவாளிகளில் கண்ணகியின் அப்பா இருந்தார், அண்ணன் இருந்தார். அந்த அண்ணன் அவளைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்திருக்க மாட்டாரா என்று நான் யோசித்ததுண்டு. பாசம் இல்லாததால் கொன்றார்கள் என்று நம்மால் வசதியாக நினைத்துக்கொள்ள முடியும். எனக்கு அந்த வசதி இல்லை. தங்கை என்பவள் வீட்டின் உடைமை என்று பழக்கப்பட்ட பாசம் இரண்டையும் செய்யும். சீரும் கொண்டு வரும், விஷமும் கொண்டு வரும். தன் பேரில் பங்கு உள்ள பெண்ணை அப்படி உடைமையாக நினைப்பது கொஞ்சமாவது கஷ்டம்.

"அப்போ என்ன, தங்கச்சிங்க எல்லாம் அண்ணன் மேல கேஸ் போடணுமா?" என்று என் நண்பன் கேட்டான். நான் தங்கைகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. உரிமைக்குப் போராடு என்று பெண்ணுக்கு அறிவுரை சொல்வது ஆண்களுக்குப் பிடித்த முற்போக்கு, அதில் நமக்குக் காசு செலவில்லை. நான் அண்ணன்களிடம் பேசுகிறேன். அவள் வந்து கேட்கவேண்டிய நிலையிலேயே அவளை ஏன் வைக்கிறாய்? வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறது. கூட்டுப் பட்டா போட ஒரு மனுதான். பத்திரம் எழுத ஆளைக் கூப்பிடாமல் இருந்தால் போதும், ஒன்றும் செய்யாமல் இருந்தாலே அவள் பங்கு அவளிடம் இருக்கும். உன்னிடம் கேட்பது தியாகம்கூட இல்லை, சும்மா இருப்பது.

எனக்கு இதைச் சொல்ல யோக்கியதை உண்டா? 2019ல் காரை ஓட்டியது நான். அப்போதே 2005 சட்டம் எனக்குத் தெரியும், ஆபீசில் இதைப் பற்றி வாதம் செய்திருக்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அத்தைகளின் காணி இன்றும் எங்கள் பட்டாவில்தான் இருக்கிறது. அதைத் திருப்பி எழுதிவைப்பது பற்றி அப்பாவிடம் இரண்டு முறை பேசினேன். முதல் முறை சிரித்தார். இரண்டாம் முறை நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

போன வாரம் அவரே போன் செய்தார். உடம்பு முன்ன மாதிரி இல்ல, இருக்கும்போதே எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். "தங்கச்சிய ஒரு நாள் லீவு போட்டுட்டு வரச் சொல்லு. ஆதார எடுத்துட்டு வரச் சொல்லு."

தங்கையிடம் சொன்னேன். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், பள்ளியில் கணக்கு டீச்சர். கொஞ்ச நேரம் மறுமுனையில் மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது.

"அத்தைங்களோடதையும் சேத்தாணா?" என்றாள்.