வாயைக் கட்டினால் போதுமா?

விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு, ஐந்நூறு மரங்களை வெட்டிய கைகள். காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோர் வரை நடந்த கால்கள். இன்று கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் அடுக்குமாடிப் படிகளில் ஏற அக்கால்களுக்கு வலுவில்லை. "வயதாகிவிட்டது, என்ன செய்வது?" என்கிறார்கள் நம் மூத்த தோழர்கள். வயது மட்டுமே காரணமல்ல என்கிறோம் நாம்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நடை நின்றது, சோறும் பால் டின் தேநீரும் நிற்கவில்லை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 18.3 பேருக்கு இனிப்பு நீர் நோய். இந்தியருள் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 31.4 பேர்!

நோய் தெரிந்ததும் நம்மவர் என்ன செய்கிறார்கள்? வாயைக் கட்டுகிறார்கள். சீனியைக் குறைப்பது சரியே. ஆனால் பலர் பருப்பு, முட்டை, மீன் யாவற்றையும் விலக்கி, பிஸ்கட்டும் வெறும் தேநீருமாகக் காலம் தள்ளுகிறார்கள். கேடு இங்கேதான் விளைகிறது. சாப்பிட்டபின் இரத்தத்தில் சேரும் சீனியைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. தசை குறைந்தால் சீனி இரத்தத்திலேயே தங்கும். தங்கிய சீனி தசையை மேலும் கரைக்கும். கூலியைக் குறைத்துத் தொழிலாளியை நலிய வைத்து, நலிந்தான் என்று சொல்லி மீண்டும் கூலியைக் குறைப்பது போன்ற கதை இது.

ஆகவே தோழர்களே, மருந்தை நிறுத்தாதீர்கள். சோற்றைக் குறைத்து, வேளைதோறும் பருப்போ முட்டையோ மீனோ சேருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் செய்க. சாப்பிட்டபின் கால் மணி நேரம் நடங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். முடியாதவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். நாளெல்லாம் மேசையடியில் இருக்கும் கிராணித் தோழர்களுக்கும் இது பொருந்தும்.

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் போய்வரும் நாளின் கூலி? அந்த அச்சத்தால் எத்தனை பேர் இரத்தம் சோதிக்காமலே இருக்கிறார்கள்! ஆகையால் நாம் கேட்பது ஒன்று: நாற்பது வயது கடந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டுக்கொரு முறை, கூலி பிடிக்காமல், தோட்டத்திலேயே இரத்தப் பரிசோதனை நடைபெற வேண்டும்.

பட்டையில் காயம் படாமல் மரத்தைக் காக்கத் தெரிந்தவர்கள் நாம். நம் உடம்பையும் அப்படிக் காப்போம்.