மழையில் நடக்கும் சாமிகள். வீட்டில் விழித்திருப்பது யார்?

ஓசூர், பாகலூர் ரோட்டில் ஒரு வீடு. எந்த வீடு என்று கேட்க வேண்டாம். கார்த்திகை பிறந்துவிட்டால் பல வீடு இப்படித்தான்.

இரவு மணி 9. வெளியே மழை கொட்டுகிறது. அடுப்பில் ரசம் ஆறிக் கிடக்கிறது. அந்த வீட்டு அம்மா செல்போனைக் காதில் வைத்தபடி வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"சூளகிரி தாண்டியாச்சும்மா. சாமிங்க எல்லாம் போறாங்க, நானும் போறேன்."

"மழை பெய்யுதே?"

"தூறல்தான்."

தூறல்தானாம்! பாதயாத்திரை போகிறவர் வீட்டுக்குச் சொல்லும் முதல் பொய் இதுதான். போனுக்குள் கேட்கும் லாரி இரைச்சலும், டயர் தண்ணீரை வாரி அடிக்கும் சத்தமும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. அப்புறம் லைன் கட் ஆகிவிடும். அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தூக்கம் ஏது?

ஓசூரில் இருந்து திருவண்ணாமலை சுமார் 160 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி வரை பெரிய ரோடு. அதன் பிறகு மத்தூர், ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம். நாளுக்கு 30, 35 கிலோமீட்டர் என்று நடந்தால் 5 நாள் ஆகும். சபரிமலைக்கு நடப்பவர்கள் பெங்களூருவில் இருந்தே இந்த வழியாக வருகிறார்கள். அவர்களுக்குத் தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் வேறு காத்திருக்கிறது. ஆகஸ்டு 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும்போது காவி கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்கு நடப்பவர்கள் தனி. சாமி வேறு, ரோடு ஒன்று, மழையும் ஒன்று. இந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும்.

நடக்கிறவருக்கு வழியில் சோறு கிடைக்கும். மோர் கிடைக்கும். புண்ணியவான்கள் காலுக்குத் தைலம்கூடத் தேய்த்துவிடுவார்கள். கிடைக்காத ஒன்று, முன்னால் என்ன நடக்கிறது என்ற சேதி. அதை வீட்டில் இருப்பவர்தான் சொல்ல முடியும்.

50 சென்டிமீட்டர்!

2024 டிசம்பர் 1-ந் தேதி இரவை ஊத்தங்கரை மறக்காது. பெஞ்சல் புயல் கரை கடந்த பிறகும் விடவில்லை. மறுநாள் காலை கணக்கெடுத்தபோது ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை! ஏரி நிரம்பி வந்த வெள்ளத்தில், ரோட்டோரம் நின்ற வேன்களும் கார்களும் தீப்பெட்டி மாதிரி மிதந்து போயின. வேன் கதியே இது என்றால், தோளில் ஒரு பையோடு நடக்கும் மனிதன் எம்மாத்திரம்?

அதே டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து வீடு புதைந்தது. 7 பேர் செத்தார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். தென்பெண்ணையில் சாத்தனூர் அணையில் இருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கனஅடி தண்ணீர் பாய்ந்தது. டிசம்பர் 13-ந் தேதி தீபம் ஏற்றினார்கள். ஆனால் பக்தர்களை மலை மேல் ஏற விடவில்லை. மண் உறுதியாக இல்லை என்று நிபுணர்கள் பார்த்துச் சொன்ன பிறகு எடுத்த முடிவு அது. அண்ணாமலையார் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

மலைக்குப் பொருந்துகிற நியாயம் ரோட்டுக்குப் பொருந்தாதா? அதுதான் கேள்வி.

மழையில் ஒரு ராத்திரி கல்யாண மண்டபத்தில் தங்கினால் விரதம் கெட்டுவிடும், நடுவில் 10 மைல் பஸ் ஏறினால் வேண்டுதல் பலிக்காது என்று கோஷ்டியில் யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டுக்கொண்டு எல்லோரும் நடப்பார்கள். "நில்லுங்க" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லக்கூடியவர் வீட்டில் இருக்கிறார். அவருக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுப்பதில்லை. மாலை போடும்போதே, "நீ நில்லுன்னா நான் நிப்பேன்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போகிற சாமிகள் எத்தனை பேர்?

வீட்டில் இருப்பவர் வெறுமனே அழுதுகொண்டு உட்கார்ந்தாலும் பயன் இல்லை. நாளைக்கு 20 தடவை போன் அடித்தால் பேட்டரிதான் தீரும். காலை கிளம்பும்போது ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று என்று இரண்டு வேளை போதும். எந்த ஊர், இன்றைக்கு எங்கே படுக்கை, இந்த இரண்டைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி ஆகியும் பேச்சு இல்லையா? அப்போது கூப்பிடக் குருசாமி நம்பர் வேண்டும். கூட நடக்கும் இன்னும் ஒருவர் நம்பரும் வேண்டும். மாவட்ட வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. தேசிய நெடுஞ்சாலையில் ஆபத்து என்றால் 1033. ஆம்புலன்ஸ் 108 எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டும் எத்தனை வீட்டுச் சுவரில் எழுதியிருக்கிறது?

இன்னொரு சங்கதி. ஓசூர்க்காரர்கள் ஓசூர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து வருகிறது. பெங்களூரு பக்கம் மழை அடித்தால் கெலவரப்பள்ளி அணைக்குத் தண்ணீர் வரும். அங்கே மதகைத் திறந்தால் கிருஷ்ணகிரி அணை, அப்புறம் சாத்தனூர். நடக்கிறவர் தலைக்கு மேல் வெயில் அடிக்கும். காலுக்குக் கீழே வெள்ளம் வரும்! டி.வி.யில் அணை திறப்புச் சேதி பார்க்கும் வீட்டு ஆள்தான் அதைச் சொல்லியாக வேண்டும்.

கேட்டில் போன்!

இங்கேதான் தொழிற்பேட்டை ஊரின் தனித் தொல்லை வருகிறது. ஓசூரில் வீட்டில் இருப்பவர் என்பவர் பாதி நாள் வீட்டிலேயே இல்லை. அந்த அம்மாவுக்கும் ஷிப்ட் உண்டு. பல தொழிற்சாலைகளில் கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். 8 மணி நேரம் உலகமே துண்டிப்பு. உள்ளே பாகம் பூட்டும் கைக்கு, ஊத்தங்கரையில் மழை என்பது தெரியாது. கேட்டுக்கு வெளியே வந்து போனைத் திறந்தால் 6 மிஸ்டு கால்! அந்த நேரம் நெஞ்சு படும் பாட்டை மேனேஜர்கள் அறிவார்களா?

விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. மிஷின் ஓடும் இடத்தில் போன் ஆபத்துதான். ஆனால் நேரக் கண்காணிப்பு அறையில் ஒரு டெலிபோன், அதற்கு ஒரு ஆள், அவசரச் சேதியை உள்ளே கொண்டுபோய்ச் சொல்ல ஒரு ஏற்பாடு. கோடி கோடியாக உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு இது ஒரு செலவா? தீபத்துக்கு முந்தைய பத்து நாளாவது செய்யலாமே. அதுவரை பக்கத்து வீட்டு அக்காவோ மாமனாரோ நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பழனிக்கு நடப்பவர்களுக்குத் திண்டுக்கல் பக்கம் ரோட்டோரம் தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். பல ஊர்களில் போலீசார் பை மீது ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். கிருஷ்ணகிரி - திருவண்ணாமலை ரோட்டில் நடப்பவனும் அதே முருகனுக்கு அப்பனைப் பார்க்கத்தானே போகிறான்? நடைபாதைக்கு நிதி வரக் காலம் ஆகலாம். ஸ்டிக்கருக்கு ஆகாது. அதுவும் வருவதற்குள் வீட்டில் இருப்பவரே பையின் முதுகுப் பக்கம் ஒரு முழம் ஒளிரும் டேப் ஒட்டி அனுப்பலாம். விடியற்காலை 4 மணி மழையில் லாரி டிரைவர் கண்ணுக்குக் கறுப்பு வேட்டி தெரியாது.

பையில் போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், நனையாமல் கட்டிய ஒரு வேட்டி. இரவில் காலைத் துடைத்துக் காயவைக்க ஒரு பழைய துண்டு. ஈரக்காலோடு படுத்தால் மறுநாள் கொப்புளம் நிச்சயம். கற்பூரமும் விபூதியும் மறக்காமல் வைக்கிறவர்கள் துண்டை மறந்துவிடுகிறார்கள்.

பாகலூர் ரோட்டு வீட்டில் நான்காம் நாள் விடியற்காலை போன் அடிக்கிறது.

"சிங்காரப்பேட்டையில மண்டபத்துல படுத்திருக்கோம். மழை விட்டதும் கிளம்பறோம்."

"விடட்டும். செங்கத்துப் பக்கம் ரோட்டுல தண்ணி நிக்குதாம், டி.வி.யில சொன்னான். பொறுத்துப் போங்க."

"சரிம்மா."

நோட்டில் ஊர் பேரை எழுதி, நோட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, அந்த அம்மா முதல் ஷிப்ட் பஸ்ஸுக்கு ஓடுகிறார்.