கன்ட்ரோல்-எல் மருந்தல்ல

கறுப்புத் திரையில் மடல் படிக்கிற ஆட்கள் இன்னுமா இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் இங்கேயே விலகிக்கொள்ளலாம். இருக்கிறோம். மைக்கேல் எல்கின்ஸ் 1995-இல் தொடங்கிய மட் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பைனின் வாரிசான ஆல்பைனும்தான். நான் பி.காம். படிக்கிறவன், கணினித் துறை ஆளில்லை. ஆனாலும் இவற்றுக்கு ஊரெல்லாம் சொல்லித் திரியும் கைவைத்தியத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

நோய் என்ன? திரை கலைகிறது. பழைய வரியின் வால் புது வரியில் தொங்குகிறது. மடல்தொடரைக் காட்டும் கோடுகள் இருக்கவேண்டிய இடத்தில் எல், க்யூ, எக்ஸ் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. உடனே ஒரு அண்ணன் வருவார்: "கன்ட்ரோல்-எல் அடிப்பா, சரியாயிடும்." ஆகும், அடுத்த பக்கம் புரட்டுகிற வரை. இன்னொரு அண்ணன், டெர்ம் என்ற மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று நிரந்தரமாகப் போட்டுவிடச் சொல்வார். மூன்றாமவர் மட்டின் அமைப்புக் கோப்பில் சார்செட்டை யூடிஎஃப்-8 என்று எழுதச் சொல்வார். ஏன் என்று கேட்டால் மூவருமே ஜல்லி அடிப்பார்கள்.

எங்கள் பாடத்தில் ட்ரயல் பேலன்ஸ் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவைப்போம். அது தற்காலிகம். பிழையைக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை மூடியாக வேண்டும். இந்த அண்ணன்மார் சஸ்பென்ஸ் கணக்கை வைத்தே கம்பெனி நடத்துகிறார்கள்.

மட் நேரே திரையில் எழுதுவதில்லை. பெரும்பாலும் என்கர்சஸ் என்ற நூலகத்திடம் வேலையை ஒப்படைக்கிறது. திரையில் இந்த நொடியில் என்ன இருக்கிறது என்று அது தன்னிடம் ஒரு நகல் வைத்துக்கொண்டு, மாறிய கட்டங்களை மட்டும் திருத்தி அனுப்புகிறது. நகலுக்கும் நிஜத்துக்கும் ஒரு கட்டம் பிசகினால் போச்சு. கன்ட்ரோல்-எல் முழுத் திரையையும் திரும்ப வரையச் சொல்கிறது, அவ்வளவுதான். பிசகவைத்த காரணம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

டெர்ம் என்பது நீங்கள் எந்த டெர்மினலில் இருக்கிறீர்கள் என்று நூலகத்துக்குக் கொடுக்கும் வாக்குமூலம். டீமக்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு எக்ஸ்டெர்ம் என்று சொன்னால் பொய்ச்சாட்சி. அங்கே ஸ்க்ரீன் அல்லது டீமக்ஸ் வகையறாப் பெயர்தான் இருக்கவேண்டும்.

லொக்கேல் கதையும் இதேதான். உங்கள் மடிக்கணினி கேட்கிற லொக்கேல் தூரத்து சர்வரில் நிறுவப்படாமல் இருந்தால் நிரல்கள் பழைய சி லொக்கேலுக்குப் போய்விடும். தமிழ் மடல் கேள்விக்குறிகளாக வரும். அப்போது மூன்றாம் அண்ணன் சொன்னபடி சார்செட்டை மட்டும் மாற்றினால், 'க' என்ற எழுத்து பின்சாய்கோட்டோடு 340, 256, 225 என்று மூன்று எண்களாக வந்து நிற்கலாம். கேள்விக்குறி போனதே என்று சந்தோஷப்படுங்கள்!

தமிழனுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, அதைப் பேசத்தான் ஆளில்லை. டெர்மினல் என்பது கட்டம் போட்ட கணக்கு நோட்டு. ஒவ்வொரு குறியும் எத்தனை கட்டம் என்று எல்லோரும் ஒரே விடை சொல்லவேண்டும். யூனிகோடில் குறில் இகரக் கொக்கி இடம் பிடிக்கும் குறி. நெடில் ஈகாரக் கொக்கியோ இடம் பிடிக்காத குறி. மார்கஸ் கூன் எழுதி, பலரும் எடுத்தாண்ட அகலக் கணக்கு நிரலின்படி 'கி' இரண்டு கட்டம், 'கீ' ஒரே கட்டம். எந்தத் தமிழ் வாத்தியாரிடம் கேட்டார்களோ தெரியவில்லை. டெர்மினல் 'கி'யை ஒட்டி ஒரே கட்டத்தில் வரைந்தால், தலைப்பில் வருகிற ஒவ்வொரு கொக்கிக்கும் வரி ஒரு கட்டம் இழுபடும். பழி மட்டின் தலையில்.

அழகுதானே கெடுகிறது என்று விட்டுவிட முடியாது. குறி ஒரு வரியில் நிற்பதுபோல் தெரியும், டி அடித்தால் வேறு மடலுக்கு அழிப்புக் குறி விழும். மட் உடனே அழிப்பதில்லை, வெளியேறும்போது கேட்கும் என்பது உண்மைதான். கேட்பதைப் படித்துவிட்டா நாம் ஒய் தட்டுகிறோம்?

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் விசாரியுங்கள். டீமக்ஸுக்கு வெளியே திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் டெர்மைப் பிடியுங்கள். லொக்கேல் கட்டளையை சர்வரிலேயே ஓட்டுங்கள். தமிழ்த் தலைப்புள்ள வரிகள் மட்டும் கலைந்தால் அகலத் தகராறு என்று சந்தேகப்படலாம். அதற்கு உங்கள் அமைப்புக் கோப்பில் மருந்து தேடாதீர்கள். 'கி', 'கீ' இரண்டையும் ஒட்டி, டெர்மினலை எழுதுகிறவர்களுக்குப் பிழையறிக்கை அனுப்புங்கள். அந்த அண்ணனுக்கும் ஒரு நகல்.