சைக்கிளுக்கும் ஒரு வழி

பெருங்கடவிளையிலிருந்து நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் செல்லும் சாலைகள் குறுகியவை, வளைவுகள் மிகுந்தவை. பேருந்தும் லாரியும் எதிரெதிரே வந்துவிட்டால், சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு ஓடையோரமே கதி. பிள்ளை வீடு திரும்பும் வரை தாய்க்கு நிம்மதி ஏது?

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் வாயிலாக ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராது சந்தைக்கும் வேலைக்கும் சென்றனர். அந்தச் சுதந்திரம் நிலைப்பதற்குப் பத்திரமான பாதை வேண்டுமன்றோ?

நெதர்லாந்து நாட்டில் 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 400க்கும் அதிகமானோர் குழந்தைகள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினர். இன்று அந்நாட்டின் சைக்கிள் பாதைகள் உலகுக்கே முன்மாதிரியாக விளங்குகின்றன.

நமது குறுகிய சாலை நெடுகத் தனிப்பாதை அமைத்தல் எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், பள்ளி அருகே வேகத்தடை, பள்ளமில்லாத சாலையோரம், மூடிய ஓடை, வளைவுகளில் வண்டி நிறுத்தத் தடை ஆகிய இவற்றைக் கேட்கலாம்.

கேரளத்தில் கிராம சபை மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும் என்பது சட்டம். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. பிழைக்க வந்தவர்கள்தாமே என்று நாம் ஒதுங்கி நிற்பது முறையன்று. முதலில் பட்டியலில் பெயர் சேர்ப்போம். பின்னர் அண்டை வீட்டு மலையாளச் சகோதரர்களுடன் சேர்ந்து மனு எழுதுவோம். சாலையில் செல்லும் பிள்ளைகள் இரு வீட்டாருக்கும் உரியவர்களே.