தீர்ப்புக்கு முன்பே ஒரு பட்டம்

"அவன் உள்ளே இருக்கான்" என்றால் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கம்பி எண்ணுவது, களி தின்பது, மாமியார் வீட்டுக்குப் போவது என்று சிறைக்குப் போனவரைப் பற்றிய பேச்சில் கேலிக்குப் பஞ்சமே இல்லை.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கைதான எல்லோரையும் 'குற்றவாளி' என்பதைப் பொறுக்க முடியாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூவர், விசாரணைக் கைதிகள். அவர்கள் மீதான வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. ஜாமீன் கிடைத்தும், பிணைத்தொகை கட்டவோ ஜாமீன்தாரரைக் காட்டவோ வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும் ஏழைகளும் இந்தக் கணக்கில் அடக்கம். ஆனால் கைதான மறுநாளே பல செய்திகளில் 'அவர்' என்பது 'அவன்' ஆகிவிடுகிறது. 'ஜெயிலுக்குப் போனவன் பிள்ளை' என்ற பெயரைக் கைதானவரின் மகன் பள்ளிக்கூடத்தில் சுமக்கிறான். வழக்கு தள்ளுபடியானாலும் அந்தப் பெயர் லேசில் போவதில்லை.

சிறைத்துறையே இப்போது 'கைதி' என்பதற்குப் பதில் 'சிறைவாசி' என்று எழுதுகிறது. சாதி என்ற முத்திரையும் கூடாதென, சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென இருக்கும் பத்தியை நீக்கவேண்டும் என்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளையும் ரத்து செய்தது. செய்தி அறைகள் செய்யவேண்டியது இதைவிட எளிது: தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதுவது, தீர்ப்புக்குப் பிறகும் 'அவர்' என்றே எழுதுவது.