குவின்ஸுக்கு எதுக்குய்யா ஜெலட்டின்?

ரொம்ப நாளா உள்ளுக்குள்ள பொருமிக்கிட்டு இருக்குற விஷயம். இன்னைக்கு கொட்டிடறேன்.

இங்க ஜெர்மனியில அக்டோபர் வந்தா சந்தையில குவின்ஸ் பழம் வந்துடும். ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் பொறந்த மாதிரி இருக்கும், மேல பஞ்சு ரோமம். வாசனை ஆளைத் தூக்கும். பச்சையா கடிச்சா துவர்ப்புல நாக்கு மரத்துடும். இதை வேகவச்சு மசிச்சு, சர்க்கரை போட்டு கிண்டி, காயவச்சு துண்டு போட்டா 'க்விட்டன்ப்ரோட்'. ஸ்பெயின்ல மெம்ப்ரியோ, போர்ச்சுகல்ல மர்மெலாடா. (மார்மலேட்ங்கிற பேரே இதுலேர்ந்துதான். ஆரஞ்சு எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கிட்டது!)

போன வருஷம் ஒரு செய்முறையை நம்பி ஜெலட்டின் போட்டு செஞ்சேன். வீட்டுக்கு வந்த நண்பர் முட்டைகூடத் தொடாதவர். நாலு துண்டு சாப்பிட்டு 'அருமை'ன்னார். அப்புறம் மேடையில கிடந்த ஜெலட்டின் உறையைப் படிச்சார். பன்றித் தோல்லேர்ந்து எடுத்தது. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

உறையைப் படிக்காதது என் தப்புதான். ஆனா செய்முறை எழுதுற புண்ணியவான்களே, 'ஜெலட்டின் ஆறு தாள்'னு எழுதுறீங்களே, அது என்னன்னு ஒரு வரி சேர்த்தா குறைஞ்சா போயிடுவீங்க? அதை விடுங்க. அது எதுக்கு முதல்ல?

குவின்ஸ்ல பெக்டின் கொட்டிக் கிடக்கு. பெக்டின் இறுகணும்னா கொஞ்சம் புளிப்பும், அறுபது சதவீதத்துக்கு மேல சர்க்கரையும் வேணும். அதனாலதான் கூழும் சர்க்கரையும் சம எடை, கூட ஒரு எலுமிச்சை. கிண்டக் கிண்ட தண்ணி வத்தி தானா கெட்டிப்படும். நீங்க சர்க்கரையைப் பாதியாக்கிட்டு, இறுகலைன்னு ஜெலட்டினை முட்டுக் கொடுக்குறீங்க. சர்க்கரை ஆகாதுன்னா ரெண்டு துண்டோட நிறுத்துங்கப்பா, இது என்ன சாப்பாடா?

'நேரமில்லை'ங்கிறதும் சால்ஜாப்புதான். ஒரு மணி நேரத்துக்கு மேல சின்னத் தீயில அல்வா மாதிரி கிண்டணும், உண்மை. ஆனா வெளிறிக் கிடந்த கூழ் செங்கல் சிவப்பாகுறது அந்த நேரத்துலதான். துவர்ப்பு தர்ற அதே சமாச்சாரம்தான் சூட்டுல சிவப்பா மாறுது. சீக்கிரம் இறக்கினா நிறம் வராது. உடனே 'சிவப்பு கலர் ரெண்டு சொட்டு'ன்னு அடுத்த வரி! இதுக்கு பழம் எதுக்கு?

கரண்டியால இழுத்தா சட்டியோட அடி தெரியணும், அதுதான் பதம். தட்டுல காகிதம் போட்டு ரெண்டு விரக்கடை கனத்துக்கு பரப்பி, ரெண்டு நாள் காயவிட்டு வெட்டுங்க.

டிஸ்கி: கூழ் எரிமலை மாதிரி தெறிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்குங்க. என் மணிக்கட்டுல ரெண்டு தழும்பு இருக்கு. இந்த வருஷம் அந்த நண்பருக்கு ஒரு டப்பா கொடுத்தேன். திறக்காம திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழம், சர்க்கரை, எலுமிச்சைன்னு நானே துண்டுச்சீட்டுல எழுதி ஒட்டியிருந்தேன் :-)