சாப்பிட்ட கையோடு டீ குடிக்கலாமா? பெண்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மதியச் சாப்பாடு முடிந்ததும் 'ஒரு டீ அடிச்சாதான் வேலை ஓடும்' என்பவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். டீயோ காபியோ குடிப்பது தப்பில்லை. ஆனால், மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்கள் அதை எப்போது குடிக்கிறார்கள் என்பது முக்கியம்.

பெண்களுக்கு ஏன் கூடுதல் கவனம்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதே வயது ஆண்களில் இது 25% தான். இந்த வித்தியாசத்துக்கு ஒரு முக்கியக் காரணம், மாதாமாதம் ரத்தத்தோடு இரும்புச்சத்தும் வெளியேறுவது. அதனால்தான் ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆண்களுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்தைப் பரிந்துரைக்கும்போது, பெண்களுக்கு 29 மில்லிகிராம் என்கிறது.

டீ என்ன செய்கிறது?

கீரை, பருப்பு, கேழ்வரகு போன்றவற்றில் உள்ள இரும்புச்சத்தில் கொஞ்சத்தைத்தான் நம் உடல் எடுத்துக்கொள்ளும். டீ, காபியில் இருக்கும் டானின் போன்ற பொருட்கள் குடலில் அந்த இரும்போடு ஒட்டிக்கொண்டு, கிடைக்கிற கொஞ்சத்தையும் குறைத்துவிடுகின்றன. கிரீன் டீயும் இதற்கு விதிவிலக்கல்ல. கறி, மீனில் உள்ள இரும்புச்சத்துக்கு இந்தப் பாதிப்பு குறைவு. ஆகவே சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரும்புச்சத்து குறைந்தால் சோர்வு வரும். சோர்வு வந்தால் கை தானாக இன்னொரு டீயைத் தேடும். அதையும் சாப்பாட்டோடு குடித்தால், குறை அப்படியே தொடரும்.

அப்போ டீயை விட்டுடணுமா?

தேவையில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்கிறது ஐசிஎம்ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல். ஒரு மணிக்குச் சாப்பிட்டால், டீ பிரேக்கை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு ஏதாவது குடிக்கத் தோன்றினால் எலுமிச்சை ஜூஸ் நல்லது. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடலில் சேர்க்க உதவும். நெல்லிக்காய், கொய்யாவும் அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு விழுங்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் போகணும்?

பீரியட்ஸ் ஏழு நாளைத் தாண்டினாலோ, மணிக்கொரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பெரிய கட்டிகளாக ரத்தம் போனாலோ, டீ நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது. கர்ப்பப்பை நார்த்திசுக்கட்டி, தைராய்டு கோளாறு போன்றவை காரணமாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எப்போதும் அசதி போன்றவை இருந்தால் 'வேலை டென்ஷன்' என்று தள்ளிப்போடாமல் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால், அது ரத்தசோகை.